தலைகீழ் வகுப்பறை: வீடியோவா, அச்சுத் தாளா, வகுப்புக்குள்ளேயேவா?

"அடுத்த செமஸ்டர் ஒரு பாடத்தையாவது ஃபிளிப்டு கிளாஸாக நடத்துவோம்" என்று துறைக் கூட்டத்தில் முடிவானதுமே பேச்சு கேமராவுக்குப் போய்விடும். மைக் வாங்கலாமா, ரெக்கார்டிங் எந்த அறையில், எந்த ஆப்பில் ஏற்றுவது? இவையெல்லாம் பிறகு. ஃபிளிப் என்பது பாட விளக்கத்தை மாணவர் முன்கூட்டியே பார்த்தோ படித்தோ வர, வகுப்பு நேரத்தைப் பயிற்சிக்கும் விவாதத்துக்கும் வைத்துக்கொள்வது. முதலில் கேட்க வேண்டியது வேறு. திங்கள்கிழமை முதல் பீரியடில் 60 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் 25 பேர் எதையும் பார்க்காமல், படிக்காமல் வந்திருக்கிறார்கள். அப்போது என்ன செய்வீர்கள்? இங்கே ஒப்பிடும் ஐந்து வழிகளுக்கும் இதுதான் உரைகல்.

முறை புதிதல்ல. ஹார்வர்டில் எரிக் மஸூர் 1991இலேயே இயற்பியல் மாணவர்களை முன்கூட்டிப் படித்துவரச் சொல்லிவிட்டு, வகுப்பில் கேள்வி கேட்டு ஒருவரோடு ஒருவர் வாதாட வைத்தார். 2007இல் அமெரிக்காவின் கொலராடோவில் உட்லேண்ட் பார்க் பள்ளியில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். 'ஃபிளிப்' என்ற சொல் பரவியது அங்கிருந்துதான். வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு அவர்கள் டிவிடியில் எழுதிக் கொடுத்தார்கள். அதாவது பிறந்த இடத்திலேயே இந்த முறைக்கு ஆஃப்லைன் வடிவம் ஒன்று இருந்தது. நம் ஊரில் பலரும் அதை மறந்துவிட்டு நேராக யூடியூப் சேனல் திறக்கப் போகிறார்கள்.

ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். 2019இல் வெளியான இரண்டு பெரிய தொகுப்பாய்வுகள், ஒன்று 114 ஆய்வுகளையும் மற்றொன்று 272 ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவை, கிட்டத்தட்ட ஒரே எண்ணுக்கு வந்தன: கற்றலில் விளைவளவு சுமார் 0.35. வகுப்பறைக் கணக்கில், 60 பேரில் 30ஆவது இடத்தில் இருப்பவர் 22ஆவது இடத்துக்கு நகர்வது போன்ற மாற்றம். நல்லதுதான், ஆனால் அதிசயம் இல்லை. 'பலன் இல்லை' என்று முடிந்த ஆய்வுகள் அச்சேறுவது குறைவு என்பதால் உண்மையான எண் இதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

வளரும் நாடுகளிலிருந்து வரும் கட்டுரைகளுக்கென்று ஒரு சாயல் உண்டு. சீனா, மலேசியா, துருக்கி, இந்தியா என எங்கிருந்து வந்தாலும் பெரும்பாலும் செவிலியர் கல்வி, மருத்துவம், பொறியியல், ஆங்கில மொழி வகுப்பு ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். கிராமத்துப் பள்ளியைப் பற்றியது அரிது. ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பு, சில வாரங்கள், கடைசியில் "உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று ஒரு கேள்வித்தாள். ஒப்பிடுவது போன வருட பேட்சோடு. தேர்வு வைத்தவரும் திருத்தியவரும் அதே ஆசிரியர். கொரோனா முடக்கத்துக்குப் பிறகு இத்தகைய கட்டுரைகள் மேலும் குவிந்தன. இணையவழிக் கற்பித்தலையும் ஃபிளிப்பையும் ஒன்றாகக் குழப்பிய கட்டுரைகளும் அவற்றில் உண்டு. கட்டுரையைக் காட்டி முடிவெடுக்கச் சொன்னால் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு பயிற்சிக் கணக்குகள் கொடுக்கப்பட்டனவா? அளந்தது மதிப்பெண்ணையா, மனநிறைவையா?

முதல் கேள்வியின் கனம் பெரிது. ஜேமி ஜென்சன் குழு 2015இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் இரு பிரிவுகளுக்கும் ஒரே மாதிரியான செயல்வழிப் பாடம். ஒரு பிரிவு மட்டும் ஃபிளிப். இரண்டுக்கும் கற்றலில் வேறுபாடு இல்லை. பலன் வீடியோவில் இல்லை, வகுப்பில் மாணவர் கையும் வாயும் வேலை செய்ததில்தான் இருந்தது. மேலே சொன்ன 114 ஆய்வுகளின் தொகுப்பு இதற்கு இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கிறது: நேரடி வகுப்பு நேரத்தைக் குறைக்காத இடத்திலும், வினாடி வினா சேர்த்த இடத்திலும் பலன் கூடுதல். மருத்துவக் கல்வி சார்ந்த 28 ஆய்வுகளைத் தொகுத்த ஹியூ, லோ ஆகிய இருவரும் 2018இல் இதையே இன்னும் குறிப்பாகச் சொன்னார்கள்: வகுப்பின் தொடக்கத்தில் வினாடி வினா வைத்த இடத்தில் பலன் அதிகம்.

நமக்குக் கவலை தரும் முடிவு அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியிலிருந்து வந்தது. மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அது. கணிதத்தில் உடனடிப் பலன் தெரிந்தது, செமஸ்டர் இறுதித் தேர்வுக்குள் கரைந்துவிட்டது. கிடைத்த பலனும் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள் பக்கமே சாய்ந்தது, இடைவெளி விரிந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நிறைந்த வகுப்பில் இதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் வகுப்பில், 2011இல் வெளியான ஆய்வு, நேர் எதிரான முடிவைக் காட்டியது. தினசரிப் பயிற்சியும் சிறு தேர்வும் சேர்ந்த கட்டுக்கோப்பான வகுப்பில் பின்தங்கியவர்களின் இடைவெளி குறைந்தது. "வீட்டில் பார்த்துட்டு வாங்க" என்று விட்டுவிட்டால் இடைவெளி விரியும். பார்த்ததற்குக் கணக்கு கேட்டால் சுருங்கும்.

இனி வழிகள்.

சொந்த வீடியோதான் எல்லோரும் முதலில் நினைப்பது. மாணவருக்குப் பழகிய குரல், பழகிய தமிழும் ஆங்கிலமும் கலந்த விளக்கம், சிலபஸுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற பொருத்தம். விலை நேரம். பழகாத கைக்கு 6 நிமிட வீடியோ ஒன்று எழுத, பதிவு செய்ய, வெட்ட, வினா சேர்க்க 3, 4 மணி நேரம் பிடிக்கும். 6 நிமிடம் என்பது சும்மா சொன்னதல்ல. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்த பிலிப் குவோ குழு (2014), வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர் உட்கார்ந்து பார்ப்பது நடுத்தரமாக (மீடியன்) அதிகபட்சம் 6 நிமிடம்தான் என்று கண்டது. 20 நிமிடப் பாடத்தை 3 துண்டாக்குங்கள்; ஒரு துண்டுக்கு ஒரே கருத்து. பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். இயர்போன் மைக்கே போதும், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மாணவர் பார்ப்பது கைபேசித் திரையில் என்பதால் ஒரு ஸ்லைடில் 6 வரிக்கு மேல் வேண்டாம்.

டேட்டா செலவை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நொடிக்கு 300 கிலோபிட் படம், 64 கிலோபிட் ஒலி என்று சுருக்கினால் 6 நிமிட வீடியோ சுமார் 16 எம்பி. வாரம் 3 வீதம் 15 வாரத்துக்கு 45 வீடியோ, மொத்தம் 720 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவருக்கு அரை நாள் டேட்டா. தென் ஆப்பிரிக்காவில் 2016இல் டேட்டா விலையைக் குறைக்கக் கோரி இயக்கமே நடந்தது. அந்த ஆண்டு ஜியோ வந்த பிறகு இந்தியாவில் சிக்கல் அது இல்லை. சிக்கல் போன் யார் கையில் இருக்கிறது என்பதில். கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வியைக் கணக்கெடுக்கும் ஏசர் (ASER) ஆய்வின் 2021 அறிக்கைப்படி பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் 67.6% ஸ்மார்ட்போன் வைத்திருந்தன. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிலேயே 26.1% பேருக்கு அது கைக்கு வரவில்லை. கல்லூரியில் நிலைமை மேல். ஆனாலும் விடுதியில் இரவு 9 மணிக்குப் போனை வாங்கி வைத்துவிடுவது, கல்லூரி பஸ்ஸில் போக வர 3 மணி நேரம், வீட்டுக்குப் போனதும் பெண் பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் வேலை என்று தடைகள் வேறு வடிவில் இருக்கின்றன. வீடியோவை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு மீண்டும் நசுக்கி, சர்க்யூட் வரைபடத்தின் எண்களை மங்கலாக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

இரண்டாவது வழி, பிறர் எடுத்து வைத்த தயார் வீடியோ. அதைப் பயன்படுத்தினால் உங்கள் உழைப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். ஐஐடிகளின் இலவசப் பாட வீடியோத் தளமான என்பிடெல்லில் பொறியியலுக்கு இல்லாத பாடம் குறைவு. ஆனால் அவை வகுப்பறை விரிவுரையாக எடுக்கப்பட்டவை. அரை மணி, ஒரு மணி நேரம் ஓடும். இணைப்பை மட்டும் அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். "12ஆவது நிமிடம் முதல் 18 வரை" என்று நேரத்தோடு குறித்து, பார்க்கும்போது நிரப்ப வேண்டிய அரைப் பக்கத் தாளையும் சேர்த்துக் கொடுத்தால் பார்ப்பார்கள். மென்பொருள் பாடங்களுக்கு ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் இதைவிடப் பொருத்தம். ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம், பலவற்றுக்குத் தமிழ் ஒலி உண்டு, பார்த்துக்கொண்டே பக்கத்தில் செய்து பார்க்கும்படி அமைத்தது. இணையமே வராத லேப்பில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் நிறுவி, உள் வைஃபை வழியே பாடங்களைத் தரலாம். பள்ளி அளவிலான கணிதம், அறிவியலுக்கு அது சரி. கல்லூரிப் பாடத்துக்கு உள்ளடக்கத்தை நீங்களே ஏற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது வழி அச்சுத் தாள். இதை யாரும் கருத்தரங்கில் பெருமையாகச் சொல்வதில்லை. எங்கள் கணிப்பில் ஐந்தில் இதுவே உறுதியானது. முன்னும் பின்னும் அச்சடித்த ஒரே தாள். முதல் பக்கம் விளக்கமும் தீர்த்துக் காட்டிய ஒரு கணக்கும், பின் பக்கம் மாணவர் நிரப்ப வேண்டிய 3 இடங்கள். 60 பேருக்கு 60 தாள். பஸ்ஸில் படிக்கலாம், சார்ஜ் வேண்டாம். எல்லாவற்றையும்விட, நிரப்பிய தாள் வகுப்பு வாசலிலேயே தெரிந்துவிடும். யார் தயாராக வந்திருக்கிறார் என்று காண டாஷ்போர்டு எதுவும் தேவையில்லை.

இதில் உயிர் முதல் 7 நிமிட வினாவில்தான். ஒரு சர்க்யூட்டை ஒரே மூலம், ஒரே மின்தடை என்று சுருக்கும் டெவனின் தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். தாளில் உள்ள சர்க்யூட்: 12 வோல்ட் மூலம், அதோடு தொடராக 4 ஓம், அதன் பின் குறுக்கே 12 ஓம், அதன் இரு முனைகளில் 6 ஓம் சுமை. வகுப்பு தொடங்கியதும் கரும்பலகையில் ஒரே கேள்வி: டெவனின் மின்தடை எவ்வளவு? விடைகள் 3, 12, 16, 2. சரியான விடை 3 ஓம். மூலத்தைக் குறுக்கிணைத்தால் (ஷார்ட் செய்தால்) 4 ஓமும் 12 ஓமும் இணையாகும். 12 என்றவர் வோல்டேஜ் மூலத்தைக் குறுக்கிணைப்பதற்குப் பதில் திறந்து விட்டிருக்கிறார். 4 ஓம் அந்தரத்தில் தொங்குகிறது. 16 என்றவர் மூலத்தின் பக்கம் நின்று பார்த்து இரண்டையும் கூட்டிவிட்டார். 2 என்றவர் சுமையைக் கழற்றவே இல்லை. நான்கு விடையில் மூன்று தவறும் மூன்று வெவ்வேறு நோய். விரல்களால் 1, 2, 3, 4 என்று நெஞ்சோடு சேர்த்துக் காட்டச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக் காட்ட முடியாது. மாணவர் உயர்த்திப் பிடிக்க, போன் கேமரா விடையைப் படித்துக்கொள்ளும் பிளிக்கர்ஸ் அட்டைகளை அச்சடித்து வைத்திருந்தால் ஆசிரியரின் ஒரே போனில் 60 விடையும் பதிவாகிவிடும்.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு மஸூரின் விதி கைகொடுக்கும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் கருத்தைச் சுருக்கமாக மீண்டும் விளக்க வேண்டும். 30க்கும் 70க்கும் இடையில் என்றால் வாயை மூடிக்கொண்டு, வேறு விடை சொன்ன பக்கத்துக்காரரோடு 2 நிமிடம் வாதாடச் சொல்லி மறுபடி வாக்கெடுக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் ஒரு வரி சொல்லிவிட்டு நகரலாம். பிறகு 30 நிமிடம், மூவர் மூவராக 3 கணக்கு: ஒன்று எண் மாற்றியது, ஒன்று இரண்டு மூலங்கள் கொண்டது, ஒன்று தவறாகத் தீர்த்த கணக்கில் பிழை கண்டுபிடிப்பது. டெஸ்க்குகள் தரையோடு ஆணியடித்தவை என்றால் ஒற்றைப்படை எண் வரிசைக்காரர்கள் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் போதும். கடைசி 8 நிமிடத்தில், பெரும்பாலோர் இடறிய கணக்கை மட்டும் பலகையில் போடுங்கள்.

அந்த 25 பேர்? அவர்களுக்காகப் பாடத்தை மறுபடி நடத்தக் கூடாது. இங்கேதான் பெரும்பாலான ஃபிளிப் வகுப்புகள் முதல் மாதத்திலேயே சாகின்றன. ஆசிரியர் இரக்கப்பட்டு வீடியோவில் உள்ளதைப் பலகையில் சொல்லிவிடுகிறார். அடுத்த வாரம் பார்த்துவந்த 35 பேரும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தாள் நிரப்பாதவர்களைப் பின் வரிசையில் உட்காரவைத்து, முதல் 10 நிமிடம் அங்கேயே படித்து நிரப்பச் சொல்லுங்கள். குழுக் கணக்கின்போது சேர்ந்துகொள்ளட்டும். தொடக்க வினாவுக்கான மதிப்பெண் மட்டும் அவர்களுக்குக் கிடைக்காது. இன்டர்னலில் மொத்தம் 5 மதிப்பெண் இதற்கு ஒதுக்கினால் போதும். 10 வினாக்களில் சிறந்த 8ஐ எடுத்துக்கொண்டால், காய்ச்சலில் படுத்தவரும் தப்பிப்பார்.

நான்காவது, வகுப்புக்குள்ளேயே ஃபிளிப். கொலம்பியாவின் ஆங்கில ஆசிரியர்கள் மார்த்தா ராமிரெஸ், கரோலினா பியூட்ராகோ இருவரும் இதை முறையாக வளர்த்தெடுத்தவர்கள். வீட்டு வேலை கிடையாது. வகுப்பை மூன்று மூலையாகப் பிரித்து, ஒரு மூலையில் வீடியோ அல்லது தாள், இன்னொன்றில் பயிற்சி, மூன்றாவதில் ஆசிரியர். மாணவர்கள் சுற்றி வருவார்கள். யாரும் தயாராகாமல் வரும் பேச்சுக்கே இடமில்லை. குறை, நேரம்: 50 நிமிட பீரியடில் 13 நிமிடம் வீதம் 3 சுற்று போனால் இடம் மாறவே மீதி கரையும். அடுத்த சிக்கல், முதல் சுற்றிலேயே பயிற்சி மூலைக்குப் போகும் 20 பேர் பாடத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். பயிற்சி மூலையில் போன வகுப்புக் கணக்குகளை வைத்தால் அது தீரும். தொடர்ந்து இரண்டு பீரியட் கிடைக்கும் லேப் வகுப்புக்கு இது அருமை. சிலபஸ் விரட்டும் தியரி வகுப்பில் மூச்சு வாங்கும்.

ஐந்தாவது, ஃபிளிப்பே வேண்டாம் என்பது. 15 நிமிடம் விரிவுரை, ஒரு கேள்வி, வாக்கெடுப்பு, பக்கத்துக்காரரோடு வாதம். மறுபடி அதே சுற்று. ஜென்சன் குழுவின் முடிவை நம்பினால் பலனில் பெரும்பகுதி இதிலேயே வந்துவிடும். 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஸ்காட் ஃப்ரீமன் குழு (2014), வெறும் விரிவுரை வகுப்பில் 33.8% ஆக இருந்த தோல்வி செயல்வழி வகுப்பில் 21.8% ஆகக் குறைந்ததைக் காட்டியது. அந்த ஆய்வுகள் எல்லாம் ஃபிளிப் அல்ல. பீரியட் நேரம் சிலபஸை முடிக்கப் போதும் என்றால் இதோடு நின்றுகொள்ளலாம். போதாதபோதுதான் விளக்கத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தேவையே வருகிறது.

எதைத் தேர்ந்தாலும் நிர்வாகத்தோடு இரண்டு விஷயத்தை முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். யுஜிசி 2021இல் வெளியிட்ட கலப்புக் கற்றல் கருத்துரு ஒரு பாடத்தில் 40% வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. அதைக் காட்டி "வீடியோ இருக்கே, பீரியடைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று கேட்பார்கள். குறைத்தால் பலனும் குறையும் என்பது மேலே சொன்ன தொகுப்பாய்வின் முடிவு. இன்னொன்று மாணவர் ஃபீட்பேக். ஹார்வர்டில் டெலோரியே குழு 2019இல் கண்டது இது: செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவாக ஓடும் விரிவுரையைக் கேட்டால் புரிந்தது போல இருக்கும். தானே கணக்குப் போட்டுத் தடுமாறினால் புரியாதது போல இருக்கும். "சார் நடத்தவே மாட்டேங்கிறார்" என்று முதல் செமஸ்டர் ஃபீட்பேக்கில் வரும். அதை வைத்து ஆசிரியரின் மதிப்பீட்டைக் குறைத்தால் அடுத்த செமஸ்டர் அவர் பழையபடி விரிவுரைக்கே போய்விடுவார்.

மாணவர் சுமையையும் துறையாக உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்புக்கு அரை மணி முன்தயாரிப்பு என்பது தனியாகப் பார்த்தால் சிறிது. 5 பாடம், வாரம் 4 பீரியட் வீதம் எல்லோரும் ஃபிளிப் செய்தால் வாரம் 10 மணி நேரம். ரெக்கார்டு நோட்டும் அசைன்மென்டும் இதில் சேரவில்லை. ஒரு செமஸ்டரில் ஒரு பாடம், அதிலும் 5 அல்லது 6 தலைப்பு என்று தொடங்குவதே நடக்கக்கூடியது.

ஆகவே, இணையமும் போனும் நிச்சயமாக இருந்து, அதே பாடத்தை இன்னும் 3 வருடம் அதே ஆசிரியர் எடுப்பார் என்றால் மட்டுமே சொந்த வீடியோவில் இறங்குங்கள். சிலபஸ் மாறப்போகும் வருடத்தில் வேண்டாம். மென்பொருள், லேப் பாடங்களுக்குத் தயார் வீடியோவோ வகுப்புக்குள் ஃபிளிப்போ எடுங்கள். மற்றவர்கள் தாளில் தொடங்கி, எந்தத் தாள் அடுத்தடுத்த இரண்டு பேட்சுக்கும் புரியாமல் போகிறதோ அதற்கு மட்டும் 6 நிமிட வீடியோ எடுக்கலாம். வரலாறு, சமூகவியல் போன்ற பாடங்களில் தாளின் இடத்தில் மூல ஆவணம் ஒன்றை வைத்தாலே வேலை நடக்கும்.

தலைப்பைத் தேர்வதிலும் சிக்கனம் வேண்டும். விதி சிறியது, பிழைகள் பல என்ற தலைப்புகளே ஃபிளிப்புக்கு ஏற்றவை. நீண்ட தேற்ற நிரூபணத்தை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அது ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது நடக்கட்டும். டெவனினுக்கு அடுத்து வரும் நார்ட்டன் தேற்றத்துக்குத் தனித் தாளே தேவையில்லை. அதே சர்க்யூட்டைப் பலகையில் வரைந்து, சுமையைக் கழற்றி முனைகளைக் குறுக்கிணைத்தால் எவ்வளவு மின்னோட்டம் என்று கேளுங்கள். 12 ஓமில் ஒன்றும் ஓடாது, 12ஐ 4ஆல் வகுத்தால் 3 ஆம்பியர். சிலர் அதே சர்க்யூட்டின் டெவனின் வோல்டேஜான 9 வோல்ட்டை டெவனின் மின்தடை 3 ஓமால் வகுத்து அதே விடைக்கு வந்திருப்பார்கள். அவர்களை எழுப்பி விளக்கச் சொல்லுங்கள்.